பாட்டைக் கேட்டோம், பேரைக் கேட்டோமா?

பழைய பாட்டா, புதிய பாட்டா என்ற சண்டை எங்கள் மாவடிப்பள்ளியில் ஓய்வதில்லை. அஸர் தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் குந்தினால் போதும். ஐம்பதைத் தாண்டிய காக்காமார் ஒருபக்கம், போனும் கையுமான பொடியன்மார் மறுபக்கம். "அந்தக் காலத்துப் பாட்டுல சொல் இருந்திச்சி, இப்ப சத்தம்தான் இருக்கி" என்பார் ஒருவர். "நீங்க கேட்ட பாட்டயும் நாங்க கேக்கிறம் காக்கா, நாங்க கேக்கிறதத்தான் நீங்க கேக்கிறல்ல" என்பான் ஒரு தம்பி. இரண்டு பேச்சிலும் நியாயம் இருப்பதால் சண்டை தீராமலே மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிடும்.

பழைய பாட்டெல்லாம் நல்ல பாட்டு என்ற கதையை நான் நம்புவதில்லை. 1960களில் வந்த மோசமான பாட்டுகளை இப்போது யாரும் போடுவதில்லை, அவ்வளவுதான். களத்தில் நெல்லைத் தூற்றும்போது பதரைக் காற்று கொண்டுபோய்விடுகிறது. குவிந்து கிடக்கும் மணியை மட்டும் பார்த்துவிட்டு, அந்தப் போகத்தில் பதரே விளையவில்லை என்று எந்த வேளாண்மைக்காரன் சொல்லுவான்? இன்றைய பாட்டுகளை இன்னும் யாரும் தூற்றவில்லை. முப்பது வருஷம் போகட்டும், இவற்றிலும் மணி மிஞ்சும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் காக்காமார் கட்சி. அவர்களுக்குப் பாட்டோடு பேரும் தெரியும். ஒரு பாட்டின் முன்னிசை தொடங்கியதும் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று நாலையும் சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவரும் சொல்லுவார். போனில் ஆயிரம் பாட்டு வைத்திருக்கும் தம்பிக்கு நடிகர் பேர் தெரியும், படத்தின் பேர் சில நேரம் தெரியும், அதற்கு மேல் தெரியாது. இது தம்பியின் குற்றமில்லை. காக்காவுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தார். தம்பிக்கு இல்லை.

அந்த ஒருவர், வானொலி அறிவிப்பாளர்.

1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் செய்தார். சாஸ்திரிய சங்கீதம் கேட்டால் சனம் திருந்தும் என்பது அவர் எண்ணம். சனம் திருந்தவில்லை, றேடியோவின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பியது. இரண்டு வருஷத்துக்கு முன்பே, 1950 செப்டம்பரில், றேடியோ சிலோன் தன் வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்தது. 1957இல் விவித பாரதி வரும்வரைக்கும், வந்த பிறகும்கூட, தமிழ்நாட்டில் பாட்டு கேட்பவருக்குக் கொழும்புதான் தலைநகரம். எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்ற பேர்கள் கடலுக்கு அந்தப் பக்கமும் வீட்டுப் பேர்களாயின.

இந்த அறிவிப்பாளர்கள் செய்த வேலையை இப்போது நினைத்தால் பெரிதாகத் தெரிகிறது. 'பொங்கும் பூம்புனல்' ஆகட்டும், 'நீங்கள் கேட்டவை' ஆகட்டும், 'பிறந்தநாள் வாழ்த்து' ஆகட்டும், பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ அதைச் செய்த ஆட்களின் பேர் வந்துவிடும். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' ஒரு படி மேலே போனது. பாட்டின் முதல் வரியை ஞாபகத்தில் வைத்திருப்பதே ஒரு திறமை என்று ஆக்கிவிட்டது. எங்கள் வாப்பா பேட்டரியை வெயிலில் காயவைத்துக் காயவைத்து அந்த நிகழ்ச்சிகளைக் கேட்டவர். வயலுக்குப் போகும் வழியில் என்னிடம் கேள்வி கேட்பார்: "பாடினது ஆரு? எழுதினது ஆரு?" ஏ.எம். ராஜாவுக்கும் பி.பி. ஸ்ரீநிவாஸுக்கும் குரல் பிரித்தறிய நான் பழகியது அந்த வரம்புகளில்தான். இரண்டும் மென்மையான குரல்கள். ஆனால் ராஜாவின் குரலில் ஒரு தயக்கம் இருக்கும், ஸ்ரீநிவாஸின் குரல் அடிமட்டத்தில் போய் நிதானமாக உட்காரும்.

பேர் தெரிந்தால் பாட்டு மாறிக் கேட்கும். இதற்கு ஒரு சாட்சி, 1961இல் வந்த 'பாவ மன்னிப்பு' படத்தின் பெருநாள் பாட்டு. நோன்புப் பெருநாளன்று அதைப் போடாத தமிழ் வானொலி இல்லை. கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையமைத்தது. பாடியவர் டி.எம். சௌந்தரராஜன் என்று எல்லாரும் சொல்லுவார்கள். அவரோடு சேர்ந்து ஒலிக்கும் மற்றக் குரல் ஆருடையது என்று நம்முடைய பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அது நாகூர் ஈ.எம். ஹனீபா. தெரிந்த பிறகு கேட்டால் அந்தப் பாட்டில் இரண்டு ஊர் இருக்கும்: ஒன்று மதுரை, மற்றது நாகூர்.

ஹனீபாவைப் பற்றி எங்கள் பக்கத்தில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பேரில் கொடியேறும் நாட்களில் அவர் குரல் இல்லாமல் கடைத்தெரு இருந்ததில்லை. கலியாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் அவர், நோன்பு திறக்கும் நேரத்து வானொலி முஸ்லிம் சேவையில் அவர். கர்நாடக சங்கீதம் படித்த குரலில்லை, கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும் என்று மேடையில் வளர்ந்த குரல். தி.மு.க. மேடைகளில் கட்சிப் பாட்டுப் பாடியதும் அதே தொண்டைதான். 1992இல் 'செம்பருத்தி' படத்தில் இளையராஜா அவரைக் கூப்பிட்டு ஒரு கடல் பாட்டில் பாடவைத்தார். அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. குரல் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

சரி, அந்த ஹனீபாவுக்குப் பாட்டு எழுதிக்கொடுத்தவர்கள் ஆர்? இங்கே காக்காமாரும் தடுமாறுவார்கள். புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் என்று ஊர்ப் புலவர்கள் பலர் அவருக்காக எழுதினார்கள். கேட்டவர்கள் எல்லாவற்றையும் 'ஹனீபா பாட்டு' என்ற ஒரே பேரில் சுருட்டி வைத்துக்கொண்டோம். சினிமாப் பாட்டுக்காவது அறிவிப்பாளர் இருந்தார். கசெட்டில் வந்த பக்திப் பாட்டுக்கு உறையில் இருந்த சின்ன எழுத்துத்தான். உறை கிழிந்ததும் பேரும் போய்விட்டது.

இனிப் புதியவைக்கு வருகிறேன். என் பட்டியலில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்து வெள்ளைப் பூக்கள் பாட்டுக்கு மேலே ஒன்றுமில்லை. வைரமுத்துவின் எழுத்து, ரஹ்மானின் இசை, குரலும் ரஹ்மானே. அந்தப் படத்துக்காக இரண்டு பேருக்கும் இந்திய தேசிய விருது கிடைத்தது. எனக்கு அந்தப் பாட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு திகதி. படம் வந்தது 2002 பெப்ரவரி 14. இங்கே போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது பெப்ரவரி 22. எங்கள் யுத்தத்தைப் பற்றிய படத்தில் சமாதானம் கேட்கும் ஒரு பாட்டு வந்து எட்டாம் நாள், காரைதீவுச் சந்தியிலிருந்து சம்மாந்துறை வரைக்கும் எல்லாருடைய வாயிலும் சமாதானம் என்ற பேச்சுத்தான். அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. பாட்டு நிலைத்தது. மிகக் குறைந்த வாத்தியத்தில், சத்தம் போடாமல், கெஞ்சாமல் கேட்கிற பாட்டு அது. பழையதா புதியதா என்று அதற்கு வயது குறிக்க எனக்குத் தோன்றுவதில்லை.

ரஹ்மானின் தொடக்க காலத்தில் இன்னொரு குரல் இருந்தது, சாகுல் ஹமீது. 'ஜென்டில்மேன்', 'திருடா திருடா', 'காதலன்', 'வண்டிச்சோலை சின்ராசு' என்று 1993, 94இல் கேட்ட பாட்டுகளை நினைத்துப் பாருங்கள். மண்வாசனை உள்ள அந்தத் தடித்த குரலை எல்லாருக்கும் தெரியும், பேரைச் சிலருக்குத்தான் தெரியும். 1997இல் ஒரு வாகன விபத்தில் மறைந்துபோனார். 2024இல் 'லால் சலாம்' படத்தில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அவருடைய குரலையும், 2022இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் ரஹ்மான் மறுபடி பாடவைத்தார். இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேரம் இதைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. நான் கவனித்தது வேறு: உயிரோடு இருந்தபோது சாகுல் ஹமீதின் பேரைக் கேட்டறியாத பொடியன்மார், அவர் போய்க் கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு கணினியின் தயவால் அந்தப் பேரைத் தெரிந்துகொண்டார்கள். ரஹ்மான் அன்று செய்ததும் ஒருவகையில் அறிவிப்பாளர் வேலைதான். எல்லாரும் அப்படிச் சொல்லிவிட்டுச் செய்வார்கள் என்று நம்ப முடியாது. செத்தவர் குரலில் எவரும் எதையும் பாடவைக்கலாம் என்ற காலத்தில், பேர் சொல்லும் பழக்கம் இல்லாத சனம் எதையும் நம்பும்.

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகளின் வாயிலும் புகுந்த பாட்டு. தீயும் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். தீ இலங்கைத் தமிழ் வேர் கொண்டவர். அறிவின் பாட்டி வள்ளியம்மா இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய தலைமுறை. ஆக, உலகம் ஆடிய அந்தப் பாட்டின் வேர் பாதி எங்கள் நாட்டு மண்ணில் இருக்கிறது. அதே வருஷம் ஓகஸ்டில் ஒரு பெரிய இசைச் சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு தன் அட்டையில் தீயைப் போட்டது, அறிவைப் போடவில்லை. அதற்கு எழுந்த கண்டனத்துக்குப் பிறகே அறிவுக்கும் ஓர் அட்டை வந்தது. அடுத்த வருஷம் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் மேடையில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு ஒலித்தபோது, அதன் ஆக்கத்தில் ஆருக்கு எவ்வளவு பங்கு என்ற பிரச்சினை வெளிப்படையாகவே வெடித்தது. ஒவ்வொருவரும் தம் பக்கத்தைச் சொன்னார்கள். வழக்கைத் தீர்ப்பது என் வேலையில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டில், எழுதியவன் தன் பேரைத் தானே உரத்துச் சொல்ல வேண்டி வந்தது.

இதைவிடப் பெரிய கதை கேரளத்தில் நடந்தது. 2018இல் ஒரு பிள்ளை கண்சிமிட்டும் காட்சியோடு 'மாணிக்ய மலராய பூவி' உலகத்தைச் சுற்றியது நினைவிருக்கும். 'ஒரு அடார் லவ்' என்ற மலையாளப் படம், இசை ஷான் ரஹ்மான். பொடியன்மார் அதைப் புதுப்பாட்டு என்றுதான் கேட்டார்கள். அது 1978இல் பி.எம்.ஏ. ஜப்பார் எழுதி, தலச்சேரி ரபீக் பாடிய மாப்பிளப் பாட்டு. நபிகளாரும் கதீஜா நாயகியும் அதன் பொருள். கேரளக் கலியாண வீடுகளில் நாற்பது வருஷமாகப் பாடிக்கொண்டிருந்த பாட்டு. படத்தின் மேல் வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. இவ்வளவு அமளியும் நடந்தபோது அதை எழுதிய ஜப்பார் றியாதில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். எங்கள் ஊரிலிருந்தும் எத்தனை பேர் சவூதியில், கட்டாரில் கடைகளில் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் அந்தக் கவிஞர் நின்ற கடைக்குப் போய் அவரோடு பேசியிருக்கவும் கூடும். ஆரென்று தெரியாமலே சாமானுக்குக் காசு கொடுத்துவிட்டு, வெளியே வந்து அதே பாட்டைப் போனில் கேட்டிருக்கவும் கூடும்.

இந்தப் பேர் மறதிக்கு இனமும் மொழியும் கிடையாது. வெசாக் வந்தால் கொழும்பு பஸ்ஸில் ஓர் அழகான குரல் சிங்களத்தில் புத்த பக்திப் பாட்டுப் பாடும். தமிழ் பேசும் பிரயாணிகள் அதை அவர்களுடைய பாட்டு என்று ஒதுக்கிவிட்டு இருப்பார்கள். பாடுபவர் முஹிதீன் பேக். 1919இல் சேலத்தில் பிறந்து, இளம் வயதில் இங்கே வந்து, சிங்கள சினிமாவின் தூண்களில் ஒருவரான முஸ்லிம். அவர் பாட்டு இல்லாமல் இன்றைக்கும் வெசாக் இல்லை. திருப்பிப் பார்த்தால், மீன் விற்கும் கதையோடு சிலோன் மனோகர் பாடிப் பேர் வாங்கிய 'சுராங்கனி'யை 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்கு இளையராஜா எடுத்துக்கொண்டார். சிங்களமும் தமிழும் பைலாவும் கலந்த கரையோரச் சரக்கு அது. பேர்களைத் தொடர்ந்து போனால் இந்த நாட்டில் ஆருடைய பாட்டு ஆரிடம் இருக்கிறது என்பது விளங்கும். அரசியல்வாதிகளின் நல்லிணக்கப் பேச்சு எனக்கு அந்த அளவுக்கு எதையும் விளக்கியதில்லை.

இசை கூடுமா கூடாதா என்று ஒரு கேள்வி எங்கள் ஊர்களில் இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் பத்தி நேர்மையாக இராது. பக்கீர் பைத்தும் றபானும் பொல்லடியும் இருந்த கலியாணங்கள் போய், வாத்தியம் இல்லாத நஷீதுகள் வந்திருக்கின்றன. மார்க்கத் தீர்ப்பு ஆலிம்களின் பொறுப்பு, அதற்குள் நான் கைவைக்கவில்லை. நஷீதிலும் நல்லதுண்டு. சாமி யூசுபையும் மாஹிர் ஸைனையும் என் வீட்டுப் பிள்ளைகள் வழியாகத்தான் கேட்டேன், பிடித்துப்போனது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'புர்தா' பாடினால் அதை எழுதியவர் இமாம் பூஸிரி என்று மதரஸாப் பிள்ளை சொல்லும். 13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் எழுதியது. எழுநூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பேர் பாட்டோடு சேர்ந்தே வருகிறது. நம் முன்னோர் கவிதையைப் பேரோடு காப்பாற்றியவர்கள். போன பெருநாளில் நாம் கேட்ட தமிழ் நஷீதை எழுதியவர் பேர் நமக்குத் தெரியாது.

கடைசியாக, நம்முடைய சொந்தப் பாட்டு. வாடியில் இரவுக் காவல் இருந்தவன் யானைக்கும் பன்றிக்கும் விழித்திருந்து பாடிய கவி, சூடு மிதிக்கும்போது பாடிய பொலிப்பாட்டு, பெருநாள் ஊஞ்சலில் குமர்ப்பிள்ளைகள் பாடியது, உம்மாமார் பாடிய தாலாட்டு. வெட்டு மெசின் வயலில் இறங்கியபோது பொலிப்பாட்டு களத்தைவிட்டு இறங்கியது. அதற்காக மெசினைத் திட்ட மாட்டேன், முதுகு நொந்தவனுக்குத்தான் அந்த வேலை தெரியும். நாலே அடியில் ஒரு காதலையும், ஒரு கோபத்தையும், மச்சானுக்கு ஒரு குத்தலையும் சொல்லி முடிக்கும் அந்தக் கவிகளை எங்கள் மூத்தம்மா ஆண்கள் இல்லாத நேரத்தில் சொல்லுவா. "இத ஆரு கட்டின?" என்று கேட்டால், "நம்மட ஊர்ப் பொம்புளதான்" என்பா. அதற்கு மேல் பேர் வராது. கண்ணதாசனுக்குத் தெரிந்த வித்தை தெரிந்த அந்தப் பெண்களுக்கு அறிவிப்பாளர் இருக்கவில்லை.

நிந்தவூரைச் சேர்ந்த சட்டத்தரணி எஸ். முத்துமீரான் எங்கள் பக்கத்துக் கிராமத்து முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடி, கேட்டு, எழுதி, நூலாக்கினார். அவர் செய்திராவிட்டால் மிஞ்சியதும் மிஞ்சியிராது. எங்களுக்கு அடுத்த ஊர் காரைதீவு. சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். தமிழர் மறந்துபோன யாழைச் சிலப்பதிகாரத்திலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீட்டெடுத்து 'யாழ் நூல்' எழுதினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் மறைந்தார். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய நரம்புகளின் பேரையே ஒரு மனிதர் தேடி எடுத்திருக்கிறார். அவருக்கு அயலில் இருந்துகொண்டு, நேற்றுப் பாடியவளின் பேரை நாம் தொலைத்துவிட்டு நிற்பது அழகில்லை.

ஆகவே, தம்பிமாருக்கும் ராத்தாமாருக்கும் ஒரு வேண்டுகோள். பழையதோ புதியதோ, பிடித்ததைக் கேளுங்கள். கேட்டதை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பேரையும் ஒரு வரியில் சேர்த்து அனுப்புங்கள். பிறை எப்.எம். முதல் கொழும்பு அலைவரிசைகள் வரைக்கும் ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்கும் தம்பி தங்கச்சிமார், பகிடிக்குக் கொடுக்கும் நேரத்தில் அரை நிமிஷத்தை அந்த மூன்று பேர்களுக்கும் கொடுங்கள். வீட்டில் கவி தெரிந்த மூத்தம்மா இருந்தால் போனில் பதிந்து வையுங்கள். பதிந்ததன் முடிவில் அவவுடைய பேரையும், ஊரையும், ஆரிடம் கேட்டுப் படித்தா என்பதையும் அவவின் வாயாலேயே சொல்லவையுங்கள். எங்கள் பாட்டுக்கு இனிமேல் நாங்கள்தான் அறிவிப்பாளர்.